‘என் இடம் பறிபோனது’ என்ற வாதத்தைச் சரிபார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் தன்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு இடஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைத்ததைக் கண்டு ‘இது தலைகீழ்ப் பாகுபாடு’ என்று ஒருவர் சொன்னால், முதலில் தரவரிசைப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லோரையும் சேர்த்த பொதுத் தரவரிசையும், அந்தந்த வகுப்பினருக்குள் மட்டும் பார்க்கும் இனவாரித் தரவரிசையும் தனித்தனியே இருக்கும். பெரும்பாலான குழப்பம் இவ்விரண்டையும் கலந்து படிப்பதால்தான் வருகிறது.

அடுத்து இடங்களைப் பிரியுங்கள். நூறு இடங்கள் என்றால், பிற்படுத்தப்பட்டோருக்கு முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதம் உட்பட 30, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள் ஒதுக்கீடு உட்பட 18, பழங்குடியினருக்கு 1 போக, எஞ்சிய 31 இடங்கள் பொதுப்போட்டிக்கு உரியவை. பொதுப்போட்டி என்பது முற்பட்ட வகுப்பினரின் ஒதுக்கீடு அன்று. அதில் எந்தச் சாதியினரும் மதிப்பெண் அடிப்படையில் இடம்பெறலாம். எனவே, பொதுத் தரவரிசையில் வாதிடுபவரை எத்தனை பேர் முந்தி நிற்கிறார்கள் என்று எண்ணி, மொத்த இடங்களான நூறோடு ஒப்பிடுங்கள். இடஒதுக்கீடே இல்லையென்றாலும் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா என்பதை அந்த எண்ணிக்கையே காட்டும்.

சட்ட வாதத்தை இதனோடு கலக்க வேண்டாம். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த வகுப்புவாரி ஆணை செல்லாது என உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. அவரோ மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகத் தம் மனுவில் கூறவே இல்லை. அதன் பின்னரே பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசை அனுமதிக்கும் 15(4) பிரிவு அரசமைப்பில் சேர்க்கப்பட்டது. 1992இல் இந்திரா சஹானி வழக்கு வகுத்த 50 சதவீத வரம்பைத் தமிழ்நாட்டின் மொத்த ஒதுக்கீடான 69 சதவீதம் மீறலாமா என்பது தனிக் கேள்வி. அதற்குத் தரவரிசைப் பட்டியலில் விடை தேட இயலாது.