கிளிமூக்கு மாம்பழத்தை ஷேப் லேயரில் வரைய

கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சிக்கோ மாங்கூழ் ஆலைக்கோ வீடியோ செய்பவர்கள் அடிக்கடி வரைய வேண்டியிருப்பது கிளிமூக்கு மாம்பழம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் வளைவு பழக இதைவிட நல்ல உருவம் இல்லை. உடல் முழுக்க வழுவழுப்பு, மூக்கில் மட்டும் கூர்.

வரையத் தொடங்கும் முன் எஃப்2 அழுத்தி, எந்த லேயரும் (படத்தின் அடுக்கு) தேர்வில் இல்லாதபடி செய்துகொள்ளுங்கள். போட்டோ லேயர் தேர்வில் இருந்தால், நீங்கள் போடும் கோடு அதற்கு மாஸ்க் ஆகிவிடும், அதாவது கோட்டுக்கு உள்ளே இருப்பதை மட்டும் காட்டும். படத்தில் பாதி மறைந்துபோவது இதனால்தான். பிறகு ஜி அழுத்தினால் பென் டூல் வரும். மேலே ரோட்டோபெஸியர் டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது வளைவைத் தானே போட்டுவிடும், வளைவைத் திருத்தப் புள்ளியிலிருந்து நீளும் ஹேண்டில் கிடைக்காது.

ஐந்து புள்ளி போதும்: காம்பு, தோள், வயிறு, மூக்கு, முதுகு. அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் விளிம்பில் ஒரு நெளிவாகத் தெரியும், அனிமேஷனில் இன்னும் மோசமாக. வயிறும் முதுகும் பழம் அதிகம் பிதுங்கும் இடங்கள். அங்கே ஷிஃப்டை அழுத்தியபடி ஹேண்டிலை நேர் செங்குத்தாக இழுங்கள். அடுத்த புள்ளிவரை உள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீளம் சரியாக வரும். மூக்குக்கு வந்ததும் ஆல்ட்டைப் பிடித்து ஒரு பக்க ஹேண்டிலை மட்டும் திருப்பினால் கூர் விழும். கடைசியில் முதல் புள்ளியின் மேலேயே கிளிக் செய்து மூடுங்கள்.

லேயர் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழலுமோ அதுதான் ஆங்கர் பாயிண்ட். அது பெரும்பாலும் பழத்தில் இருக்காது, காம்போசிஷனின் (முழுக் காட்சியின்) நடுவில் இருக்கும். அப்படியே சுழற்றினால் பழம் திரையையே சுற்றிவரும். கன்ட்ரோல், ஆல்ட், ஹோம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது பழத்தின் மையத்துக்கு வரும். கிளையில் தொங்கி ஆட வேண்டுமென்றால் ஒய் அழுத்தி, அதைக் காம்புக்கு இழுத்துக்கொண்டு, ரொட்டேஷனை 4 டிகிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வையுங்கள். பொசிஷனுக்குக் கீஃப்ரேம் (அந்த நேரத்து மதிப்பைப் பதிக்கும் குறி) வைக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். பிறகு நகர்த்தினால் அந்த ஒரு ஃப்ரேமில் மட்டும் பொசிஷன் மாறி, பழம் குதிக்கும்.

லேயரின் ஸ்கேலை 50 சதவீதமாக்கினால் 6 பிக்சல் ஸ்ட்ரோக்கும் (விளிம்புக் கோடு) 3 பிக்சலாக மெலியும். பல அளவுப் பழங்களை ஒரே காட்சியில் வைக்கும்போது இது உடனே கண்ணில் உறுத்தும். பாத்தை (புள்ளிகளை இணைக்கும் வடிவத்தை) மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் ஜியும் அழுத்தித் தனி குரூப் ஆக்குங்கள். ஸ்ட்ரோக் அந்தக் குரூப்புக்கு வெளியே, அதற்குக் கீழே இருக்கட்டும். பிறகு அந்தக் குரூப்பின் டிரான்ஸ்ஃபார்மில் ஸ்கேலை மாற்றினால் பழம் மட்டும் சுருங்கும், கோட்டின் தடிமன் மாறாது.

கோடு தானே வரைந்துகொண்டு போவது போல் காட்ட ஆட் மெனுவில் டிரிம் பாத்ஸ் சேர்த்து, எண்ட் மதிப்பை 24 ஃப்ரேமில் 0 முதல் 100 வரை கொண்டுபோங்கள். கோடு முதல் புள்ளியிலிருந்து கிளம்பும். காம்பிலிருந்து கிளம்பவில்லையென்றால் காம்புப் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து, மாஸ்க் அண்ட் ஷேப் பாத் மெனுவில் செட் ஃபர்ஸ்ட் வெர்டெக்ஸ் கொடுங்கள். காய் வடிவம் பழ வடிவமாக மாறும்போது நடுவில் முறுக்கிக்கொண்டாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: இரண்டு கீஃப்ரேமிலும் முதல் புள்ளி ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஃபில்லும் (உள்ளே நிரப்பும் நிறம்) ஸ்ட்ரோக்கும் ஒரே ஷேப்பில் இருந்தால் டிரிம் ஓடும்போது மஞ்சள் நிறம் வெட்டுப்பட்ட துண்டாகத் தெரியும். லேயரை டூப்ளிகேட் செய்து, மேலே உள்ளதில் ஸ்ட்ரோக்கும் டிரிம்மும் மட்டும், கீழே உள்ளதில் ஃபில் மட்டும் வையுங்கள். கோடு முடிந்த பிறகு ஃபில்லின் ஒபாசிட்டியை 8 ஃப்ரேமில் ஏற்றலாம்.