விலைச்சீட்டை நம்பி வாங்குவதில் நடக்கும் தவறுகள்

2017இல் பலென்சியாகா என்ற ஆடம்பர நிறுவனம் ஒரு பெரிய நீலத் தோல்பையை 2,145 டாலருக்கு விற்றது. பார்த்தால் ஐக்கியா கடையில் அப்போது 99 சென்டுக்குக் கிடைத்த சாமான் பையேதான். 2022இல் குப்பை கட்டும் உறையின் வடிவிலேயே ஒரு தோல்பை, 1,790 டாலர். நாகர்கோவில் வடசேரி சந்தைக்குப் பை தூக்கிப் போகிறவர்கள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கத்தான் வேண்டும். ஆனால் விலை கூடினால் பொருளும் உழைக்கும் என்ற அதே மயக்கத்தில் நம்மூரிலும் பணம் போகிறது.

அதிகம் ஏமாறுவது ‘வீகன் லெதர்’ என்று விற்கும், விலங்குத் தோல் இல்லாத பைகளில். பெரும்பாலும் அது துணிமேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்தான். குமரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்றில் ஈரம் குறையாது. அந்த ஈரம் பூச்சைச் சிதைப்பதால், பயன்படுத்தாமல் வைத்தாலும் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கலாம் என்று பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவில் வைத்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் கெடும். பருத்தித் துணிப்பையில் போட்டுக் காற்றோட்டமாக வையுங்கள். வாங்கும்போது வெட்டு விளிம்பைப் பாருங்கள். தோல் நார்நாராக இருக்கும். பூச்சு என்றால் துணிமேல் மெல்லிய படலம் தெரியும். விளிம்பில் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் உள்தையல் ஓரத்தைப் புரட்டுங்கள்.

குளச்சல், முட்டம் போன்ற கரையூர்களில் ஜிப்தான் முதலில் போகும். சிறு காந்தம் ஒன்றை ஜிப்பில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, பூச்சு போனதும் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். ஒட்டாவிட்டால் பித்தளை என்று முடிவுகட்ட வேண்டாம், துத்தநாகக் கலவையும் ஒட்டாது. ஆனால் செந்துரு வராது.

கிழிசல் ஜீன்ஸில் குறுக்கே ஓடும் வெள்ளை நூல் அறாமல் இருக்க வேண்டும். அதுவும் அறுந்திருந்தால் கால் நுழைக்கும்போது விரல் மாட்டி, இரண்டு துவைப்புக்குள் முழங்காலே திறந்துவிடும். உள்பக்கம், கிழிசலைவிடச் சுற்றிலும் ஒரு அங்குலம் பெரிய துணி வைத்துத் தைத்துவிடுங்கள்.

2025 ஜூனில் மிலானில் பிராடா என்ற ஆடம்பர நிறுவனம் காட்டிய செருப்பு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூரி செருப்பின் வடிவம். கைவினைஞர்களின் பெயர் சொல்லாமல் காட்டியது நியாயமில்லை. அந்த வடிவம் வேண்டுமென்றால் கோலாப்பூரியையே வாங்குங்கள். மழையில் மட்டும் போட வேண்டாம், அடித்தோல் ஊறிவிடும். நனைந்தால் வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்தி, ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவினால் போதும்.