வீட்டிலுள்ள விளையாட்டு நினைவுப் பொருள்களை ஏலத்துக்கு அனுப்பும் முறை

1968 ஆகஸ்ட் 31 அன்று சுவான்சியில் கேரி சோபர்ஸ் ஒரே ஓவரில் ஆறு சிக்சர் அடித்தார். அந்த ஓவரில் வீசிய பந்து என்று சொல்லப்பட்ட ஒன்று 2006-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 26,400 பவுண்டுக்கு விலைபோனது. தகராறு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஏலம் போனது டியூக் என்ற நிறுவனத்தின் பந்து. ஆனால் ஓவரை வீசிய மால்கம் நாஷ், தாம் வீசியது சர்ரிட்ஜ் என்ற வேறு நிறுவனத்தின் பந்து என்றார். அவ்வளவு பெரிய ஏல நிறுவனத்திலேயே இப்படியென்றால், தாத்தா சேர்த்துவைத்த மட்டையையோ, மைதான வாசலில் கால்கடுக்க நின்று வாங்கிய கையெழுத்துகளையோ விற்க நினைப்பவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. விலையின் பெரும்பகுதி ஏல நாளுக்கு முன்பே, சான்றுகளைத் திரட்டும் வேலையிலேயே முடிவாகிவிடுகிறது.

ஆகவே முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அது யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எந்த ஊரில், எப்படி வீட்டுக்கு வந்தது, அதன்பின் யார் யார் கையில் இருந்தது என்பதை எழுதுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் சொல்வதை எழுதி, தேதியிட்டு, அவர்களிடமே கையொப்பம் வாங்கிவைப்பதை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். பழைய கடித உறை, மைதான டிக்கெட்டின் பாதி, வீரருடன் எடுத்துக்கொண்ட மங்கலான புகைப்படம் ஆகியவை பார்க்கக் குப்பையாகத் தோன்றினாலும், அவற்றைப் பொருளோடு சேர்த்தே வையுங்கள். 2024 டிசம்பரில் சிட்னியில் போனாம்ஸ் நிறுவனம் ஏலம் விட்ட ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் டான் பிராட்மனின் பச்சைத் தொப்பியை, அதாவது அந்நாட்டு டெஸ்ட் அணியினர் அணியும் தொப்பியை, எடுத்துக்கொள்வோம். 1947–48 தொடருக்காக ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணியின் மேலாளர் பங்கஜ் குப்தாவுக்கு பிராட்மனே பரிசாகக் கொடுத்த தொப்பி அது. கொடுத்தவர், பெற்றவர், காலம், காரணம் நான்கும் ஒரே வாக்கியத்தில் அடங்குகின்றன. உங்கள் பொருளின் கதையையும் அப்படிச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

வீரர் அணிந்தது, ஆடியது என்று சொல்லப்படும் பொருளானால் ஆட்டப் புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று ஏறக்குறைய கட்டாயமாகிவிட்டது. 1986 உலகக் கோப்பைக் காலிறுதியில் 'கடவுளின் கை' கோலை அடித்தபோது மரடோனா அணிந்திருந்த சட்டையை இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் ஆட்டம் முடிந்ததும் மாற்றிக்கொண்டார். 2022-இல் அது சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தபோது, அது முதல் பாதியில் அணிந்த வேறு சட்டை என்று மரடோனா குடும்பத்தினர் மறுப்புத் தெரிவித்தனர். முத்திரையும் கோடுகளும் எண்ணும் தைக்கப்பட்டிருந்த விதத்தைப் படங்களோடு பொருத்திக் காட்டிய பிறகே சட்டை 71 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1932-இல் அணிந்த சட்டை 2005-இல் 9,40,000 டாலருக்கு விற்றது. படப் பொருத்தம் உறுதியான பின், 2024-இல் அதே சட்டை 2.4 கோடி டாலரைத் தாண்டியது. நம் வீட்டு மட்டைக்கும் இதே வழிதான்: அதன் ஓரத்திலுள்ள வெடிப்பு, ஒட்டுவில்லை கிழிந்த விதம், கைப்பிடி உறையின் நிறம் ஆகியவற்றை அந்தக் காலத்து நாளிதழ், வாரஇதழ்ப் படங்களில் தேடிப் பாருங்கள்.

கையெழுத்துகளின் சங்கதி இதைவிடச் சிக்கலானது. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் பிடிபட்ட போலிக் கையெழுத்துகளில் அன்னை தெரசா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்தும் இருந்தது என்றால், வாங்குபவர்களின் நம்பும் ஆசை எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளலாம். கடையில் வாங்கிய மட்டையில் இருப்பது பெரும்பாலும் அச்சிட்ட கையெழுத்தே. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பேனா அழுத்தம் இல்லாமல் சீரான பூச்சாகவோ புள்ளிகளாகவோ தெரியும். அணியினர் அனைவரும் கையெழுத்திட்ட தாளில் ஒருவருக்காக இன்னொருவர் போட்டுக்கொடுப்பதும் உண்டு. 'அசல்' என்று ஒரு சான்றிதழ் இருக்கிறதே என்று திருப்தியடைய வேண்டாம். அதைக் கொடுத்தவர் யார், இன்று அவரைக் கேட்டால் பொறுப்பேற்பாரா என்பதே கேள்வி. முகவரியில்லாத சான்றிதழ் வெறும் காகிதம்.

அடுத்ததாகச் சொல்ல வேண்டியது, எதையும் சுத்தம் செய்யாதீர்கள் என்பதுதான். சட்டையிலுள்ள புல் கறையும் மட்டையிலுள்ள சிவப்புத் தடமும் அழுக்கல்ல, சாட்சியம். துவைத்த சட்டை, எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்கிய மட்டை, மங்கிய கையெழுத்தின்மேல் மறுபடி பேனா ஓட்டிய பந்து ஆகியவற்றை எந்த வல்லுநராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. தாள்களை லேமினேட் செய்வதும், செலோடேப் ஒட்டுவதும் அதே வகைக் கேடுதான். நம் ஊர் ஈரக்காற்றிலிருந்தும் ராமபாணப் பூச்சியிடமிருந்தும் காப்பாற்ற, அமிலமில்லாத தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வெயில் படாத அலமாரியில் வைத்தால் போதும். அந்துருண்டை துணியில் நேரடியாகப் படக் கூடாது.

பொருள் உங்களுடையதுதானா என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அப்பாவின் சேகரிப்பு என்றால் வாரிசுகள் அனைவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஒரு பந்தைக்கூட வெளியே அனுப்பாதீர்கள். வெளிநாட்டு ஏலத்தை நினைப்பவர்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். நூறாண்டு கடந்த, வரலாற்று முக்கியத்துவமுள்ள பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய அது தடை விதிக்கிறது. கொல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்து அணி ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற 1911-ஆம் ஆண்டுப் பதக்கமோ, அதே ஆண்டில் இங்கிலாந்து சென்ற அகில இந்திய கிரிக்கெட் அணியின் பொருளோ உங்களிடம் இருந்தால், தொல்லியல் துறையிடம் கேட்காமல் பெட்டி கட்ட வேண்டாம். வரியைப் பொறுத்தவரை, சொந்த உபயோகப் பொருளுக்குள்ள விலக்கு உங்கள் சேகரிப்புக்கும் பொருந்தும் என்று நீங்களே முடிவுகட்டாமல், விற்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

இனி ஏல நிறுவனம். பொதுவான நிறுவனத்தைவிட, அந்த விளையாட்டின் பொருள்களைத் தொடர்ந்து விற்றுவரும் நிறுவனமே மேல். கிரிக்கெட், கால்பந்து என்றால் பிரிட்டனிலும், பேஸ்பால் என்றால் அமெரிக்காவிலும் அதற்கென்றே வாடிக்கையாளர் கூட்டம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்தது இரண்டு இடங்களுக்காவது படங்களையும் நோட்டுப் புத்தகக் குறிப்பையும் அனுப்பி மதிப்பீடு கேளுங்கள். ஒப்பந்தத்தில் விற்பவர் தர வேண்டிய கமிஷன், படமெடுக்கும் செலவு, காப்பீடு, விற்காவிட்டால் கட்டணம், பணம் வந்து சேரும் நாள் ஆகிய ஐந்தையும் எழுத்தில் பார்க்காமல் கையொப்பமிடாதீர்கள். கமிஷனைப் பேசிக் குறைக்கலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வாங்குபவரிடமும் நிறுவனம் தனியாகக் கட்டணம் வசூலிக்கும். மேலே சொன்ன பிராட்மன் தொப்பி 3,90,000 ஆஸ்திரேலிய டாலருக்கு ஏலம் முடிந்தது. வாங்கியவர் கட்டணத்தோடு கொடுத்தது 4,79,700. செய்தியில் பெரும்பாலும் வருவது பெரிய தொகை, விற்றவர் கணக்கு தொடங்குவது சிறிய தொகையிலிருந்து, அதிலும் கமிஷன் போக என்பதை நினைவில் வையுங்கள்.

எதிர்பார்ப்பைக் கெடுப்பவை அறக்கொடை ஏலங்கள். 2011 உலகக் கோப்பையை வென்ற சிக்சரை அடித்த தோனியின் மட்டை லண்டனில் ஒரு லட்சம் பவுண்டுக்குப் போனது. காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஷேன் வார்ன் கொடுத்த தொப்பி 2020-இல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. பிரதமருக்குக் கிடைத்த பரிசுகளின் 2021 மின்னேலத்தில் சென்னை வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியின் வாள் 1.25 கோடி ரூபாய்க்குக் கேட்கப்பட்டது. அங்கே கொடுக்கும் பணத்தில் பாதி நன்கொடை, பாதி பெருமை. அவற்றை அளவுகோலாக வைத்து, இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற விலையை உயர்த்திச் சொன்னால் பொருள் விற்காமல் திரும்பும். நிறுவனம் மதிப்பீட்டை 'இத்தனை முதல் இத்தனை வரை' என்று சொல்லும். அந்த விலை, அதன் கீழ் எல்லையைத் தாண்டாமல் இருப்பதே வழக்கம்.

சிறந்த இரண்டு மூன்று பொருள்களைத் தனித்தனியாகவும், சில்லறைப் பொருள்களைக் கட்டாகவும் ஏலத்தில் வைக்கச் சொல்லுங்கள். நல்லதையும் சாதாரணத்தையும் ஒரே கட்டில் சேர்த்தால் நல்லதன் விலை அமுங்கிவிடும். பட்டியல் அச்சாகுமுன் அதில் உங்கள் பொருளைப் பற்றிய வரிகளை வாங்கிப் படியுங்கள். 'ஆட்டத்தில் அணிந்தது' என்பதும் 'ஆட்டத்துக்காக வழங்கப்பட்டது' என்பதும் வேறு வேறு. வீரர் பைக்குள்ளேயே கிடந்த சட்டைகூட இரண்டாம் வகையில் சேரும். உங்களால் நிரூபிக்க முடியாததை நிறுவனம் ஆர்வத்தில் எழுதியிருந்தால் நீங்களே திருத்தச் சொல்லுங்கள், ஏனெனில் பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்டால் அது உங்களிடம்தான் வந்து நிற்கும்.

ஒருவேளை விற்காமல் போனால், அடுத்த மாதமே வேறு ஏலத்தில் நிறுத்தாதீர்கள். சேகரிப்பவர்கள் பட்டியல்களை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். திரும்பித் திரும்பி வரும் பொருளுக்கு ஏதோ குறை என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஏலம் முடிந்தபின் யாராவது தனியாக விலை கேட்டார்களா என்று நிறுவனத்திடம் விசாரியுங்கள். இல்லையென்றால் பொருளை வாங்கி மறுபடி அதே தாளில் சுற்றிவைத்துவிட்டு, ஓரிரு ஆண்டுகளில் இன்னொரு புகைப்படமோ கடிதமோ கிடைக்கிறதா என்று தேடுங்கள்.