ஐந்து லிட்டர் என்று நினைத்தேன், பன்னிரண்டரை வந்தது

முதல் முறை காரின் கூலன்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நச்சுத் திரவத்தை, நானே மாற்ற இறங்கியபோது ஐந்து லிட்டர் கேன் ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். மொத்தக் கொள்ளளவு 5.5 லிட்டர் என்று கையேட்டில் போட்டிருந்தது. கொஞ்சம் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும், ஐந்து போதும் என்பது என் கணக்கு. அன்று மாலை அந்தக் கேனோடு இரண்டு வாளிகளும் ஒரு பழைய பெயின்ட் டப்பாவும் வெளிர்பச்சைத் தண்ணீரோடு வரிசையாக நின்றன. எதற்கும் மூடி இல்லை. அலசிய தண்ணீரும் நஞ்சுதான், அதையும் பிடித்துவைத்தாக வேண்டும் என்பது எனக்கு உறைத்தபோது பாதி வேலை முடிந்திருந்தது.

ஆகவே ஸ்பேனரை எடுக்கும் முன் கணக்கைப் போட்டுவிடுங்கள். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் என் காரில் 4.2 லிட்டர் வருகிறது. மீதி 1.3 லிட்டர் எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரின் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. தண்ணீர் நிரப்பி ஒரு முறை அலசினால் இன்னொரு 4.2, இரண்டு முறை என்றால் மொத்தம் 12.6 லிட்டர். முதல் அலசலில் வருவது வெறும் தண்ணீர்போலத் தெரியும். ஆனால் உள்ளே தங்கிய 1.3 லிட்டரில் பாதி கிளைக்கால் (கூலன்ட்டில் உள்ள நஞ்சு) என்பதால், அந்த அலசல் நீரில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அது கலந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் பழைய கூலன்ட்டில் ஒரு பங்கைச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: அலசுவது பல நேரம் தேவையே இல்லை. வடிந்தது தெளிவாக இருக்கிறது, துருவின் நிறம் இல்லை, அடியில் மண்டி இல்லை, ஊற்றப்போவதும் அதே வகைதான் என்றால் அலசாமல் நேரே புதியதை ஊற்றிவிடலாம். கழிவு 4.2 லிட்டரோடு நின்றுவிடும். காபிப்பொடி நிறத்தில் வந்தால் அலசுங்கள். பாலேடுபோலக் கொழகொழவென்று வந்தால் அலசுவதையும் விடுங்கள். எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள், வண்டி மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், பெரும்பாலான கூலன்ட்டுகளில் பாதி எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும். கல்லீரல் அதை உடைத்து முதலில் கிளைக்காலிக் அமிலமாகவும், பிறகு ஆக்சாலிக் அமிலமாகவும் மாற்றுகிறது. ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாகப் படிந்துவிடுகிறது. பூனைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் ஒன்றரை மில்லி கிளைக்கால் உயிரைப் பறிக்கப் போதும். நான்கு கிலோ பூனைக்கு ஆறு மில்லி, ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றே அதிகம். குடித்த நாய் முதலில் போதையேறியதுபோலத் தள்ளாடும், பிறகு தேறிவிட்டதுபோலவும் தெரியும். சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பது அந்த நேரத்தில்தான். மாற்று மருந்து உண்டு, ஆனால் குடித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது வேலை செய்யும், தாமதித்தால் பயனில்லை. பிள்ளைகளோ விலங்குகளோ வாய் வைத்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். கூலன்ட் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஒரு முறை காருக்கு அடியில் மல்லாந்து படுத்துத் திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன். தலைக்குப் பின்னால் 'சளப் சளப்' என்று நக்கிக் குடிக்கும் சத்தம். எழுந்த வேகத்தில் நெற்றி பம்பரில் இடித்தது. எங்கள் கருப்பி அவளுடைய தண்ணீர்க் கிண்ணத்தில்தான் குடித்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்துக்கும் கூலன்ட் தட்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. இப்போதெல்லாம் அவளை உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்ட பிறகுதான் திருகில் கை வைக்கிறேன்.

இனி வேலை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்; நான் இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுகிறேன். ஓடிய வண்டியில் கூலன்ட் நூறு டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அது ஆவியாக முகத்தில் பீறிடும். ரேடியேட்டர் மின்விசிறி சாவி இல்லாமலே சுழலக்கூடிய வண்டிகளும் உண்டு, அதற்கும் ஆறிய எஞ்சின்தான் மருந்து. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கொடுங்கள். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டு கட்டாயம். கையுறை, கண்ணாடி. ஹைபிரிட் வண்டி, மின்சார வண்டி என்றால் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் தனித்தனிச் சுற்றுகள் இருக்கலாம், அவற்றை நான் தொடுவதில்லை.

வடிதிருகு ரேடியேட்டரின் அடியில் ஒரு மூலையில் இருக்கும். பெரும்பாலும் பிளாஸ்டிக். வருடக்கணக்கில் சூடுபட்டு முறுகிப்போயிருக்கும் என்பதால் குறடு போட்டுத் திருகினால் தலை உடைந்து கையோடு வரும். விரலால் திருகுங்கள். அசையவில்லை என்றால் அதை விட்டுவிட்டு, கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி அங்கிருந்து வடியுங்கள். கொஞ்சம் அதிகம் சிந்தும், ஆனால் ரேடியேட்டர் பிழைக்கும்.

இங்கே நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று. மேல்மூடியைத் திறக்காமல் முதலில் அடித்திருகைத் திறங்கள். காற்று உள்ளே புக வழியில்லாததால் கூலன்ட் நூல்போல மெதுவாக இறங்கும். அது எங்கே விழுகிறது என்று பார்த்துத் தட்டைச் சரிசெய்துகொள்ளலாம். பிறகு மேலே போய் மூடியை இம்மி இம்மியாகத் திறங்கள். திறக்கத் திறக்கக் கீழே தாரை பருத்து, நேரே விழுந்துகொண்டிருந்தது வளைந்து முன்னால் பாய ஆரம்பிக்கும். முதல் முறை மூடியை முன்னாலேயே கழற்றிவிட்டுக் கீழே திருகினேன். தாரை தட்டைத் தாண்டிக் குறுக்குச் சட்டத்தில் மோதி, என் சட்டைக் கைக்குள் புகுந்து முழங்கைவரை ஓடியது. இப்போது வடிகுழாயில் ஒரு சாண் ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையை நேரே கேனுக்குள் விடுகிறேன். சிந்தினால் மரத்தூளோ, பூனையின் கழிவுத் தட்டில் போடும் மண்ணோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளி, பையில் கட்டி, அதையும் அதே கழிவோடு சேர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவிவிடுவது கூலன்ட்டை இடம் மாற்றுவதுதான்.

தட்டு விஷயத்திலும் ஒரு தவறு செய்தேன். எஞ்சின் ஆயில் மாற்றும் தட்டையே துடைத்துப் பயன்படுத்தினேன். கூலன்ட்டின் மேல் வானவில்போல எண்ணெய்ப் படலம் மிதந்தது. கழிவு சேகரிக்கும் இடத்தில் அதைக் கூலன்ட் என்று வாங்க மறுத்துவிட்டார்கள். தனியாக இருந்தால் வடிகட்டி, காய்ச்சி, மருந்து சேர்த்து மறுபடி பயன்படுத்தலாம். எண்ணெயும் கூலன்ட்டும் கலந்தால் இரண்டுமே கெட்டது. கூலன்ட்டுக்கென்று தனித் தட்டு, தனிப் புனல்.

வடிந்ததை அளந்து எழுதிவையுங்கள். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும். அலசிய பிறகு உள்ளே தங்கியிருக்கும் 1.3 லிட்டரும் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்து விற்கும் கூலன்ட்டை 4.2 லிட்டர் ஊற்றினால், மொத்தத்தில் 38 சதவீதம்தான் நிற்கும். அலசியிருந்தால் கலக்காத அடர்கூலன்ட்டை வாங்குங்கள். மொத்தத்தில் பாதியான 2.75 லிட்டரை முதலில் ஊற்றி, மீதி 1.45 லிட்டருக்குக் காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் கணக்கு நேராகும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு உள்ளே படியும். பாதிக்குப் பாதி கலவை சுமார் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. அதிகம் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள்: கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும், வெப்பத்தையும் தண்ணீரளவுக்குக் கடத்தாது. நிறத்தைப் பார்த்து வாங்குவதும் தவறு. பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எல்லாம் நிறுவனத்தின் விருப்பம். கையேட்டில் சொன்ன வகைதான் கணக்கு. பொருந்தாத இரண்டு வகை கலந்தால் சில நேரம் கூழாகத் திரிந்து குழாய்களை அடைக்கும்.

மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரை உச்சச் சூட்டில் வைத்து, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றும் காற்றுத்திருகு கையேட்டில் சொல்லியிருந்தால் அதைத் திறந்து, மூடி போடாமல் எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். சற்று நேரம் கழித்து, சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறக்கும், மேல் ஹோஸ் சுடும், குமிழ்கள் வந்து மட்டம் சட்டென்று இறங்கும். குறைந்ததை நிரப்பி மூடுங்கள். ஹீட்டரில் குளிர்காற்றே வந்துகொண்டிருந்தால் உள்ளே எங்கோ காற்று அடைத்திருக்கிறது. மறுநாள் காலையில் ஆறிய எஞ்சினில் ஒரு முறை மட்டத்தைப் பாருங்கள்.

மீதமிருப்பது அந்தக் கேன்கள். கூலன்ட் வந்த கேன்களும் அவற்றைப் போன்ற திருகுமூடி பிளாஸ்டிக் கேன்களும் சரி. குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றாதீர்கள். 'பழைய கூலன்ட், நஞ்சு' என்று தேதியோடு எழுதி ஒட்டி, கைக்கெட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள். திறந்த தட்டில் வெயிலில் வைத்தால் காய்ந்துவிடும் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். காய்வது தண்ணீர் மட்டும்தான். கிளைக்காலின் கொதிநிலை 197 டிகிரி, அது இன்னும் அடர்த்தியாகத் தட்டிலேயே கிடக்கும். மண்ணில் ஊற்றினால் நுண்ணுயிர்கள் கிளைக்காலைத் தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் பழைய ரேடியேட்டரிலிருந்து கரைந்து வந்த ஈயத்தையும் செம்பையும் எதுவும் தின்னாது. அதே நுண்ணுயிர்கள் குளத்தில் அந்த வேலையைச் செய்தால் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனைக் காலி செய்துவிடும். மழைநீர் வடிகால், கழிவுநீர்த் தொட்டி இரண்டும் கூடவே கூடாது. உள்ளாட்சியின் அபாயக் கழிவு மையம், அல்லது பழைய கூலன்ட்டை வாங்கிக்கொள்ளும் பட்டறை, இரண்டில் ஒன்றுக்குக் கொண்டு போங்கள். எந்த நாளில், எத்தனை லிட்டர்வரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

போன முறை மூன்று கேன்களை இறக்கிவைத்தேன். வாங்கிக்கொண்டவர் ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "எண்ணெய் கலந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மூடிகளை இறுக்கி உள்ளே எடுத்துப் போனார்.