புது மிட்ரேஞ்ச் கிராபிக்ஸ் கார்டு: பணம் போடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ மேடையில் காட்டி, இது போன தலைமுறையின் உச்ச கார்டான 4090-க்கு இணையான வேகம் தரும் என்றார். அது மல்டி ஃபிரேம் ஜெனரேஷன் என்ற வசதியைச் சேர்த்துப் போட்ட கணக்கு. கார்டு நிஜமாக வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், கூடுதலாகப் பல ஃபிரேம்களை ஏஐ உருவாக்கிச் செருகும், திரையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) எண் எகிறும், படமும் வழவழவென்று ஓடும். ஆனால் மவுஸை அசைத்ததும் கேம் எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது என்பது அடியில் இருக்கும் நிஜ ஃபிரேம்களைப் பொறுத்தது. அங்கே 30 இருந்தால் திரை 120 காட்டினாலும் கைக்கு இழுவைதான். அடியில் 60-க்கு மேல் இருந்தால் நல்ல வசதி, அதை மறுக்கவில்லை. வாங்குமுன் ஃபிரேம் ஜெனரேஷன் அணைந்திருக்கும்போது வரும் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது, பெயரை மட்டும் பார்த்து வாங்குவது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி விஆர்ஏஎம் (கார்டின் சொந்த நினைவகம்) உள்ளது 379 டாலருக்கும் 16 ஜிபி உள்ளது 429 டாலருக்கும் அறிமுகமாயின. சிப் ஒன்றேதான். விஆர்ஏஎம் நிரம்பாதவரை வித்தியாசமே தெரியாது. நிரம்பினால் மிச்ச டேட்டா, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாக சிஸ்டம் ரேமுக்குப் போய்வர, கேம் திக்கித் திணறும். சராசரி எஃப்பிஎஸ் இதைப் பல நேரம் மறைத்துவிடும், மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகத்தைச் சொல்லும் ‘1% லோ’ எண் காட்டிக்கொடுக்கும். சில கேம்கள் இன்னும் மோசம், சத்தமில்லாமல் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) மங்கலாக்கிவிடும், அதனால் எண்ணோடு படத்தையும் பாருங்கள். என்னைக் கேட்டால் இன்றைக்குப் புதிதாக 8 ஜிபி கார்டு வாங்க வேண்டாம்.

அப்புறம், சிப்பையும் விஆர்ஏஎம்மையும் இணைக்கும் பாதையான பஸ் 128-பிட் என்றாலே குப்பை என்று ஒதுக்குவதும் தவறு. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 128-பிட், 3060-க்கு 192-பிட்; ஆனாலும் சிப்புக்குள்ளேயே இருக்கும் பெரிய எல்2 கேஷ் (அதிவேக நினைவகம்) கைகொடுத்ததால் பெரும்பாலான கேம்களில் 4060-தான் முந்தியது.

ரிவ்யூ செய்பவரின் பிசியும் உங்கள் பிசியும் ஒன்றல்ல என்பதை மறக்கக்கூடாது. 5060 டிஐ எட்டே பிசிஐஇ லேன்களில் (டேட்டா தடங்களில்) ஓடும் கார்டு. அதை பி450 போன்ற பழைய மதர்போர்டில் மாட்டினால் பிசிஐஇ 3.0-தான், 5.0-இல் கிடைக்கும் அலைவரிசையில் கால்வாசி. 8 ஜிபி மாடலுக்கு இது இரட்டை அடி. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிக்கு 16 லேன் உண்டு, பழைய போர்டுக்காரர்களுக்கு அது பாதுகாப்பு. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு 249 டாலருக்கு வந்த நல்ல கார்டுதான், ஆனால் பிராசசர் விஆர்ஏஎம் முழுவதையும் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பிசிக்கு வேண்டவே வேண்டாம், பழைய பிராசசரோடும் அது சோர்ந்துபோகும்.

விலைக்கு வருவோம். டாலரில் சொல்வது அமெரிக்க வரி சேராத விலை, நம்மூரில் 18% ஜிஎஸ்டி உண்டு. டாலரை ரூபாயாக்கி ஏமாறாமல், இன்றைய கடை விலையைச் சராசரி எஃப்பிஎஸ்ஸால் வகுத்து ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். அதே கணக்கை ஸ்டாக்கில் இருக்கும் போன தலைமுறை கார்டுக்கும் போடுங்கள், உங்கள் மானிட்டரின் ரெசல்யூஷனிலேயே.