கிரப் மெனு காணாமல் போனால்: விண்டோஸ், உபுண்டு இரண்டும் உள்ள கணினியைச் சரிசெய்வது எப்படி?

விண்டோஸையும் உபுண்டுவையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களை இந்தச் சிக்கல் என்றாவது ஒருநாள் பிடித்துக்கொள்ளும். பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று முடிந்திருக்கும். கணினியை மறுபடி தொடங்கினால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவே வராது. நேராக விண்டோஸ் வந்து நிற்கும். பதறிப்போய் உபுண்டுவை மறுபடி நிறுவிவிடாதீர்கள். பெரும்பாலும் உபுண்டுவும் உங்கள் கோப்புகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். எதை முதலில் தொடங்குவது என்ற வரிசைதான் மாறியிருக்கும்.

படி 1: பிட்லாக்கர் சாவியை எடுத்து வையுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். புதிய லேப்டாப்களில் நீங்கள் கேட்காமலே, விண்டோஸின் பிட்லாக்கர் என்ற குறியாக்க வசதியால் வட்டு பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) போன்ற அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பொதுவாக அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

படி 2: பூட் மெனுவைத் திறந்து பாருங்கள்

கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டதும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பெரும்பாலான டெல், லெனோவா கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸ் லேப்டாப்களில் எஸ்கேப். வரும் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’, ‘உபுண்டு’ என்ற இரண்டும் தெரிந்தால் நிம்மதி. உபுண்டுவைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கிரப் மெனு வந்துவிட்டால், அடுத்த முறை பயாஸுக்குள் சென்று பூட் வரிசையில் உபுண்டுவை முதலிடத்துக்கு ஏற்றிச் சேமியுங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

படி 3: ‘எஸ்பாட்’ என்ற பிழைச் செய்தி வந்தால்

2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலரைப் படுத்திய பிழை இது. பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பூட்லோடர்களை (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்களை) தடுக்க மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ‘எஸ்பாட்’ விதி, இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டது, தொட்டுவிட்டது. உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் ஷிம் (செக்யூர் பூட் இயங்கும்போது கிரப்பைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) சரிபார்ப்பு தோல்வி என்ற செய்தி வந்து கணினி அணைந்துவிடும். பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு உபுண்டுவுக்குள் சென்று, எல்லா அப்டேட்களையும் நிறுவுங்கள். புதிய ஷிம் அதனுடன் வந்துவிடும். பிறகு செக்யூர் பூட்டை மறக்காமல் மீண்டும் இயக்குங்கள். அதை நிரந்தரமாக நிறுத்தி வைக்கச் சொல்லும் அறிவுரைகள் நிறையக் கிடைக்கும். எனக்கு அவற்றில் உடன்பாடில்லை.

படி 4: பட்டியலில் உபுண்டுவே இல்லையென்றால்

‘பூட் ரிப்பேர் டிஸ்க்’ என்ற இலவசக் கருவியைப் பதிவிறக்கி, விண்டோஸில் ரூஃபஸ் மென்பொருள் மூலம் பென்டிரைவில் ஏற்றுங்கள். ரூஃபஸ் அந்தப் பென்டிரைவில் உள்ள அனைத்தையும் அழித்துவிடும், கவனம். பூட் மெனுவில் அதே பென்டிரைவ் சில நேரம் இரண்டு முறை தெரியும்; யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கும் புதிய முறை) என்ற முன்னொட்டு உள்ளதையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் நுழைந்தால் கிரப் பழைய முறையில் நிறுவப்பட்டு, குழப்பம் இன்னும் கூடும். பென்டிரைவ் தொடங்க மறுத்தால் செக்யூர் பூட்டைச் சிறிது நேரம் நிறுத்துங்கள். உள்ளே சென்றதும் ‘ரெக்கமண்டட் ரிப்பேர்’ பட்டனை அழுத்திக் காத்திருந்தால் போதும். மற்ற விருப்பங்களைப் புதியவர்கள் தொட வேண்டியதில்லை.

படி 5: கிரப் வருகிறது, விண்டோஸைக் காணவில்லை

இது நேர் எதிரான சிக்கல். கிரப் 2.06 பதிப்பிலிருந்து, வட்டில் உள்ள பிற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓஎஸ் புரோபர்’ இயல்பாக நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கிறது. அவசரத்துக்கு, படி 2-இல் சொன்ன பூட் மெனு வழியாக விண்டோஸுக்குள் போய்விடலாம். நிலையான தீர்வுக்கு, உபுண்டுவில் கிரப்பின் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஓஎஸ் புரோபரைத் தடுக்கும் வரியின் மதிப்பை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றுங்கள். அந்த வரியின் தொடக்கத்தில் # குறி இருந்தால் அதை நீக்குங்கள். பிறகு டெர்மினலில் ‘சூடோ அப்டேட்-கிரப்’ கட்டளையை ஆங்கில எழுத்துகளில் கொடுங்கள். ஓடும் வரிகளில் விண்டோஸ் பூட் மேனேஜரின் பெயர் தென்பட்டால், அடுத்த முறை மெனுவில் விண்டோஸ் இருக்கும்.