பனையோலை முடையலாம் வாங்க: விடுமுறைப் பிள்ளைகளுக்கு முதல் பாடம்

மே மாதம் நுங்குக் காலம். பனையில் ஆள் ஏறி இறங்குகிற நாட்கள் என்பதால் ஓலை கேட்டு வாங்கவும் இதுதான் தோது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், கூடவே கத்தி பிடிக்க ஒரு பெரியவர். இது போதும், டம்ளர் வைக்கிற அளவுக்கு ஒரு சின்னப் பாய் முடைந்துவிடலாம்.

பின்னல் மட்டும்தான் தெரியவேண்டும் என்றால் காகிதப் பட்டையே போதும். ஓலையை எடுப்பது செடியைத் தெரிந்துகொள்ளத்தான். அதனால் கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் வெளியே கிளம்புங்கள்.

முதலில் இலையைக் கிழித்துப் பாருங்கள்

வேம்பு, புங்கை, பூவரசு இவற்றில் இரண்டு இலை, பனையோலையில் ஒரு துண்டு. மூன்றையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூவரசில் நரம்பு வலை மாதிரி ஓடும். பனையில் கோடு போட்டதுபோல் நீளவாக்கில் போகும். அடுத்து, கிழிக்கச் சொல்லுங்கள். பூவரசு கோணல்மாணலாகக் கிழியும். ஓலை நேராகப் பிளந்துகொண்டே போகும். முடைகிற வேலையின் ரகசியம் மொத்தமும் இதில் இருக்கிறது. நம் ஊரில் பாயும் பெட்டியும் செய்கிற பனை, தென்னை, ஈச்சை, தாழை, கோரை, மூங்கில், பிரம்பு அத்தனையும் ஒருவித்திலைத் தாவரங்கள், அதாவது விதைக்குள் ஒரே ஒரு விதையிலை இருப்பவை; இவற்றில் நரம்பு நீளவாக்கில்தான் ஓடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘இணைப்போக்கு நரம்பமைப்பு’ என்று மனப்பாடம் செய்யவைப்பதைவிட இந்த ஒரு கிழிசல் நன்றாகப் புரியவைக்கும்.

குளக்கரை பக்கம் போனால் கோரையைத் தேடுங்கள். தண்டை விரலில் வைத்து உருட்டினால் உருளாது. கோரை இனத்தில் பெரும்பாலானவற்றுக்குத் தண்டு முக்கோணம். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த கோரையால்தான் பத்தமடைப் பாய் பேர் வாங்கியது. கடற்கரை ஊர் என்றால் தாழையைக் காட்டலாம், ஆனால் தொடவேண்டாம்: இலையின் இரு ஓரத்திலும் நடுநரம்பின் அடியிலும் முள் இருக்கும்.

எந்த ஓலை?

விரியாத இளசு குருத்தோலை. விரிந்து பச்சையாக நிற்பது சாரோலை. காய்ந்து தொங்குவது காவோலை. செட்டிநாட்டுக் கொட்டான், மணப்பாட்டுப் பெட்டிகள் போன்ற நயமான வேலைக்குக் குருத்தோலைதான் வேண்டும். வெளுப்பாக, துணி மாதிரி வளையும். பழகுகிற கைக்கு இளஞ்சாரோலையே போதும். குருத்துக்காக மரத்தைத் தொந்தரவு செய்யாதீர்கள், அங்கிருந்துதான் மரம் மேலே வளர்கிறது. நுங்கு விற்பவரிடமோ பனையேறியிடமோ சொல்லிவைத்தால் ஒரு ஓலை கொண்டுவந்து தருவார். ஒரே ஓலை நாலைந்து பிள்ளைகளுக்குக் காணும். காசு கொடுத்து வாங்குங்கள். அது அவர் உழைப்பு.

மட்டையின் இரு ஓரமும் கருக்கு. ரம்பம் மாதிரி கையை அறுக்கும். மட்டையைப் பெரியவர் வெட்டி எறிந்த பிறகே ஓலை பிள்ளைகள் கைக்குப் போகவேண்டும்.

ஈர்க்கு நீக்கி, காயவைத்து, கிழித்து

ஓலையின் ஒவ்வொரு இதழும் நடுவில் மடிந்திருக்கும். அந்த மடிப்பில் ஓடும் கெட்டியான குச்சிதான் ஈர்க்கு. அதன் இரு பக்கமும் கத்தி நுனியால் கீறினால் இதழ் இரண்டு பாதியாகப் பிரியும். ஈர்க்கைத் தூக்கிப்போடவேண்டாம், சேர்த்துக் கட்டினால் விளக்குமாறு.

பாதிகளை இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவையுங்கள். பச்சை ஓலையில் முடைந்தால் காய்ந்தபின் ஓலை சுருங்கி, பாயில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காதுதான். காத்திருக்கிற நாட்களில் ஓலைக் காத்தாடி செய்துகொள்ளட்டும்: ஒரு சாண் நீளத்தில் இரண்டு பட்டை, சிலுவையாக வைத்து நடுவில் உடைமுள்ளால் குத்தி, நாலு நுனியையும் ஒரே பக்கமாகத் திருகி, காற்றுக்கு எதிரே ஓடினால் சுற்றும். முள் கிடைக்காத ஊரில் குண்டூசி.

காய்ந்த ஓலையை 30 செ.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். அகலம் 1.5 செ.மீ. முனையில் ஊசியால் அளவு குறித்துக் குத்தி, அங்கிருந்து இழுத்தால் நரம்பை ஒட்டியே நேராகப் பிரியும். ஒரு பிள்ளைக்கு 16 பட்டை. முடைவதற்கு முன் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து ஈரத்துணியில் சுற்றிவையுங்கள். காய்ந்த பட்டை மடக்கினால் முறியும்.

முடைதல்

1. எட்டுப் பட்டைகளை நெருக்கமாக நெட்டுவாக்கில் அடுக்குங்கள். மேல்முனையில் ஒரு கனமான புத்தகத்தை வைத்தால் நகராது.

2. ஒன்பதாவது பட்டையைக் குறுக்கே விடுங்கள்: ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ், மறுபடி மேல். மேல்முனையிலிருந்து ஒன்பது செ.மீ. தள்ளி ஆரம்பியுங்கள். எல்லாப் பக்கமும் இவ்வளவு நுனி மிஞ்சவேண்டும், ஓரம் மடக்க அதுதான் தேவை.

3. அடுத்த பட்டை இதற்கு நேர் எதிர். முன்னது மேலே போன இடத்தில் இது கீழே போகவேண்டும். ஒவ்வொரு பட்டையையும் விரலால் முந்தியதோடு நெருக்கித் தள்ளுங்கள். இங்கேதான் பிள்ளைகள் அவசரப்படுவார்கள். நெருக்காமல் போனால் பாய் சல்லடையாகிவிடும். ஒரு பட்டை போட்டதும் ஒரு நெருக்கு என்று பழக்குங்கள்.

4. எட்டுக் குறுக்குப் பட்டையும் முடிந்தால் நடுவில் 12 செ.மீ. சதுரம் இருக்கும். சுற்றிலும் நுனிகள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

5. இனி ஓரம். ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். ஓரத்துப் பட்டைக்கு அடியிலிருந்து வெளிவரும் நுனிகளை மட்டும் எடுங்கள், ஒன்றுவிட்டு ஒன்றாக வரும். அவற்றை மேலே மடக்கி, ஓரத்துப் பட்டையையும் அதற்கு அடுத்ததையும் தாண்டி, மூன்றாவது பட்டைக்கு அடியில் சொருகி இழுங்கள். நாலு பக்கமும் இப்படி.

6. பாயைத் திருப்பிப்போடுங்கள். மிச்ச நுனிகள் இப்போது அடியிலிருந்து வருவதாகத் தெரியும். அதே மாதிரி மடக்கி மூன்றாவதில் சொருகுங்கள். மிஞ்சியதை ஒட்ட நறுக்கிவிடலாம். பசையும் நூலும் வேண்டாம்.

ஐந்தாவது படிதான் சிரமம். கை ஓடாத பிள்ளைக்கு மொட்டை ஊசியோ ஈர்க்குத் துண்டோ கொடுத்து, பட்டையை லேசாகத் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கொஞ்சம் நிறம், ஒரு பெயர்

மஞ்சள் தண்ணீரில் பட்டைகளைக் கொதிக்கவைத்தால் நிறம் ஏறும், வெயில் பட்டால் வெளுத்தும் போகும். நிற்கிற நிறம் வேண்டும் என்பவர்கள் கடையில் பாய்ச்சாயம் வாங்குகிறார்கள். அந்தச் சட்டியைப் பெரியவர்தான் கிண்டவேண்டும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. காய்ந்த பட்டை ஒன்றில் ஊசியால் பெயரைக் கீறச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விளக்குக் கரியில் ஒரு சொட்டு எண்ணெய் குழைத்துத் தடவி, துணியால் துடைத்தால் எழுத்து மட்டும் கறுப்பாக எழுந்து நிற்கும். ஓலைச்சுவடியைப் படிக்க வசதியாக மை தடவியது இப்படித்தான். பெயர்ப் பட்டையைப் பாயின் ஒரு மூலையில் சொருகினால் யாருடையது என்ற சண்டையும் வராது.

முடைந்த பாயை நிழலில் ஒரு நாள் காயவைத்து, மேலே பலகையோ புத்தகமோ வைத்தால் தட்டையாக நிற்கும். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மிச்சப் பட்டைகளை நன்றாக உலர்த்திக் கட்டிவையுங்கள். அடுத்த முறை தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் மறுபடி வளையும்.